கம்பத்தில் யார் ஏறினால் விளையாட்டு?

2023 அக்டோபர் 26 முதல் 29 வரை பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே தேயிலைத் தோட்டமும் மூடுபனியும். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியாகவும் அமைந்ததால் பல ஆசிய நாடுகளிலிருந்து வீரர்களும் வீராங்கனைகளும் வந்தார்கள். உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடையில் பெண்கள் அந்தச் சரிவுகளில் பாய்ந்து இறங்கியதைக் கேரள அரசு தன் பெருமையாகவே எடுத்துக்கொண்டது. அதே மாவட்டத்திலோ நாகர்கோவிலிலோ சென்னையிலோ ஒரு பெண், "போல் டான்ஸ் வகுப்பில் சேரப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. கம்பத்தில் ஏறி ஆடும் இதுவும் உடற்பயிற்சிதான், இதிலும் உடம்பை வருத்தித்தான் திறமை வருகிறது, உடை இன்னும் கொஞ்சம் குறைவு. ஒன்றுக்கு மாலை, இன்னொன்றுக்கு முகச்சுளிப்பு. ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் சொல்லப்படும்: அது பிறந்த இடம் சரியில்லை, உடை சரியில்லை, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது. மூன்றையும் சான்றுகளோடு உரசிப் பார்த்தால் எதுவும் முழுதாக நிற்பதில்லை. களங்கம் கம்பத்திலும் இல்லை, உடையிலும் இல்லை. பிறர் பார்க்க ஆடிப் பிழைத்த பெண்ணின் மீது நம் சமூகம் வைத்திருக்கும் பழைய இளக்காரம்தான் இங்கே புது வடிவம் எடுத்து வருகிறது. அந்த இளக்காரத்தைத் தொடாமல் இந்தப் பயிற்சிக்கு மட்டும் நற்சான்றிதழ் வாங்கிவிட முடியாது.

முதலில் பயிற்சியைப் பார்த்துவிடலாம். சர்வதேசப் போட்டிகளில் பயன்படும் உலோகக் கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். ஒரு கைப்பிடிக்குள் அடங்குவது. ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று தன்னச்சில் சுழலும். தொடக்க நிலையில் சொல்லித்தரும் ஏற்றமே எவ்வளவு கடினம் என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு காலின் புறங்கால் கம்பத்தின் பின்பக்கம் கொக்கி போடும். முழங்கால் முன்பக்கம் அழுத்தும். மற்றக் கால் எதிர்ப்புறம் வந்து கவ்வும். பிறகு இரண்டு கைகளும் முழு உடல் எடையை மேலே இழுக்கும். கை மட்டும் இழுத்தால் சறுக்கிவிடும், கால் மட்டும் கவ்வினால் அங்கேயே தங்கிவிடும். அடுத்த கட்டம் தலைகீழாகத் திரும்புவது. வயிற்றுத் தசைகள் இடுப்பைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு கீழிறங்கி உறுதியாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு காயப்படும். தன் எடையைத் தானே தூக்கும் பயிற்சிகளில் இதற்கு இணையாக மேல்உடம்பை வளர்ப்பவை குறைவு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்ந்த ஆட்டக்காரர்களைப் பரிசோதித்தபோது, வழக்கமான ஒரு வகுப்பே மிதமான தீவிரம் கொண்ட இதய-நுரையீரல் பயிற்சியாகக் கணக்கில் வருவதைக் கண்டார்கள். தோள், மணிக்கட்டு, பின்தொடைத் தசைக் காயங்கள் உண்டு. கன்றிப்போன தோல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. கீழே மெத்தை இல்லாமல் தலைகீழாகத் தொங்குவது மடமை. ஆனால் இவை ஜிம்னாஸ்டிக்ஸிலும் உள்ள ஆபத்துகளே. இந்தப் பயிற்சிக்கென்று தனியாக வந்தவை அல்ல.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் முக்கியம்? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நடைப்பயிற்சி போகும் பெண்களைத் தெருவில் பார்க்கலாம். தசைகளை வலுவாக்கும் பயிற்சி என்றால் எடை தூக்கும் கூடம், அது ஆண்களின் இடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. இளம் வயதில் எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்காத உடம்பு, மாதவிடாய் நின்ற பிறகு அதற்கான விலையைக் கொடுக்கிறது. எடை தூக்கும் கூடத்தில் கால் வைக்கத் தயங்கும் ஒருத்தி, இசைக்கு ஆடிக்கொண்டே அதே வலுவைப் பெற வழியிருந்தால் அதைக் கேலி செய்து விரட்டுவது நல்ல புத்தியாகாது. எல்லோரும் கம்பம் ஏற வேண்டியதில்லை. ஏற விரும்புகிறவளை எதற்காகத் தடுக்கிறோம் என்பதற்கு நியாயமான பதில் இருக்க வேண்டும்.

பிறந்த இடத்துக்கு வருவோம். இன்று போல் டான்ஸ் என்று வழங்கும் வடிவம் வட அமெரிக்காவின் ஆடை களையும் கேளிக்கை விடுதிகளில் 1980களில் பரவியது என்பது உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. 1990களில் அந்த ஆட்டக்காரிகளில் சிலரே மற்றப் பெண்களுக்குக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். உடற்பயிற்சியாக அது வளர்ந்தது அவர்கள் கைவண்ணத்தால்தான். 2009இல் சர்வதேசக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. 2012இல் லண்டனில் முதல் உலகப் போட்டி. 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் தலைமை அமைப்பு அதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. ஒவ்வோர் அசைவுக்கும் கடினத்தைப் பொறுத்து மதிப்பெண் உண்டு. குதிகால் உயர்ந்த செருப்பு கூடாது, ஆடை களைதல் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. ஆண்களும் போட்டியிடுகிறார்கள். இந்தியாவில் பலரும் இதை முதலில் பார்த்தது சினிமாவின் கிளப் காட்சிகளில். வில்லன் மது அருந்தும் அறையில் பின்னணியாகச் சுழலும் பெண்ணாகத்தான் கம்பமும் ஆட்டமும் நம் மனதில் பதிந்தன. மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களில் பயிற்சிக்கூடங்கள் வந்தபோது, அந்தப் படிமத்தோடுதான் அவை மோத வேண்டியிருந்தது.

பிறப்பிடம்தான் சிக்கல் என்றால், பிறப்பிடம் வேறாக உள்ள அதே செயலுக்கு மதிப்பு இருந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க நம்மிடமே சான்றுகள் இருக்கின்றன. மல்லர் கம்பம் எனப்படும் மல்லகம்ப் மல்யுத்த வீரர்களின் பயிற்சி. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசத்தில் அதற்குக் குறிப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில், பாலம்பட்ட தாதா தேவதர் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமான, மேலே போகப் போக ஒல்லியாகும் தேக்குக் கம்பம். அதில் விளக்கெண்ணெய் தடவி, கோவணம் அளவு உடையில் ஏறித் தொடையால் கவ்வித் தலைகீழாக நிற்பது. 2013இல் மத்தியப் பிரதேசம் இதை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019இல் மும்பையில் முதல் உலகப் போட்டி நடந்தது. கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் இடம் கிடைத்தது. பயிற்சியாளர் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ. தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். பெற்றோர் பெருமையோடு படம் எடுக்கிறார்கள். தொடையால் கவ்வும் உத்தி அங்கும் இங்கும் ஒன்றே. அதனால் கம்பத்தைச் சுற்றும் உடல் அசைவில் இயல்பாகவே ஆபாசம் உண்டு என்ற வாதம் இங்கேயே முறிந்துவிடுகிறது. மல்லர் கம்பத்திலும் பெண்களுக்கு நெடுங்காலம் கயிற்றில் ஆடும் வகையே ஒதுக்கப்பட்டது, கம்பம் பிறகுதான் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

மாறான சோதனையும் இருக்கிறது. கேளிக்கை விடுதியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஆடிய பெண்களுக்கு மரியாதை கிடைத்ததா? கயிற்றின் மேல் நடக்கும் ஆடுமகள் குறிஞ்சிப்பாட்டில் உவமையாக வருகிறாள். அவ்வளவு பழைய கலை கழைக்கூத்து. மூங்கிலை நட்டுக் கயிறு கட்டி, மத்தளம் கொட்ட, சிறுமி ஒருத்தி தலையில் செம்புகளை அடுக்கிக்கொண்டு நடப்பதை ஊரே அண்ணாந்து பார்த்தது. கூத்து முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊருக்கு வெளியேதான் தங்க வேண்டும். ஆங்கிலேய அரசு தொம்பர் போன்ற கழைக்கூத்துச் சமூகங்களைக் குற்றப் பழங்குடிகள் சட்டத்துக்குள் தள்ளியது. சுதந்திர இந்தியா அதை 1952இல்தான் நீக்கியது. கேரளத்தில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலசேரிக்கு அருகே சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கிருந்து கிளம்பிய கலைஞர்கள் இந்திய சர்க்கஸின் முதுகெலும்பானார்கள். கூடாரத்தில் பார் விளையாடிய பெண்கள் பெரும்பாலும் வறுமையால் வந்தவர்கள். கூடாரத்துக்குள் கைதட்டிய ஊர், வெளியே அவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. திறமை இருந்தது, மரபு இருந்தது, மேற்கத்திய விடுதி இல்லை. ஆனாலும் களங்கம் ஒட்டியது. மல்லர் கம்பத்துச் சிறுவனுக்கும் கழைக்கூத்துச் சிறுமிக்கும் உள்ள வேறுபாடு அசைவில் இல்லை. ஒருவன் அக்காடா எனும் மல்யுத்தக் கூடத்தின் பெயரில் ஏறுகிறான், இன்னொருத்தி சோற்றுக்காக ஏறுகிறாள்.

உடை பற்றிய ஆட்சேபத்துக்குத் தொழில்நுட்பமாகவே ஒரு பதில் உண்டு. உலோகத்தில் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். உள்தொடை, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் கம்பத்தைத் தொடாவிட்டால் ஆட்டக்காரி கீழே விழுவாள். நீச்சல்காரிக்கு நீச்சல் உடை எதற்கோ அதற்குத்தான் இவளுக்குக் குட்டை உடை. மூடிய உடையோடு ஆட விரும்புகிறவர்களுக்குச் சிலிக்கோன் உறையிட்ட கம்பம் கிடைக்கிறது. ரப்பர் சுற்றிய சீனக் கம்பத்தில் சர்க்கஸ் கலைஞர்கள் முழு உடையில் ஆடுவது பழைய வழக்கம். வரலாற்றுப் பதில் இதைவிடக் கூர்மையானது. பொன்முடி அன்று இருந்த அதே திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மூடியதுதான் குற்றம். தோள்சீலைக்காக நடந்த போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1859 ஜூலை 26இல் வந்த அரச அறிவிப்பு மேலாடை அணியலாம் என்று இறங்கிவந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. எவ்வளவு துணி என்பது அங்கே ஒழுக்கத்தின் அளவாக இருக்கவில்லை. யாருடைய உடம்பு, அதற்கு விதி வகுப்பவர் யார் என்பதே கேள்வியாக இருந்தது. ஒட்டிய உடையில் வந்த சைக்கிள் வீராங்கனைகளின் தோளில் நாட்டின் பெயர் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

விதி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு வெளிப்படையான சாட்சியம் உண்டு. 2005இல் மகாராஷ்டிர அரசு பம்பாய் காவல் சட்டத்தைத் திருத்தி மதுக்கூடங்களில் நடனத்தைத் தடை செய்தது. பெண்களின் கண்ணியம், பொது ஒழுக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அடுத்த பிரிவிலேயே மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் தகுதி பெற்ற விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. அதாவது, ஒரே மாதிரியான ஆட்டம் எளிய மதுக்கூடத்தில் நடந்தால் சீரழிவு, நட்சத்திர விடுதியில் நடந்தால் பொழுதுபோக்கு. பம்பாய் உயர் நீதிமன்றம் 2006இல் அந்தத் தடையைச் செல்லாது என்றது; உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதி செய்தது. பார்ப்பவர் பையில் உள்ள பணத்தை வைத்து ஒழுக்கத்தைத் தரம்பிரிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதற்குள் பல்லாயிரம் பெண்கள் வேலை இழந்திருந்தார்கள். ஒழுக்கம் என்று நாம் பேசுவதில் எவ்வளவு பங்கு வர்க்கம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் காட்டாது.

இப்போது போல் டான்ஸுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் வழக்கமாக எடுக்கும் வழியைப் பார்க்க வேண்டும். "இது விளையாட்டு, நாங்கள் அந்த மாதிரிப் பெண்கள் அல்ல" என்பது அவர்கள் வாதம். மேலைநாட்டில் இதே பொருளில் ஒரு முழக்கம் சமூக ஊடகத்தில் பரவியது. கேளிக்கை விடுதிகளில் ஆடும் பெண்கள், எங்களிடம் கற்றுக்கொண்டு எங்களையே தள்ளிவைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார்கள். தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சதிர் ஆடிய பெண்களுக்கு எதிராக 1890களில் சென்னையில் தொடங்கிய இயக்கம் ஒரு கலையையே கூசச் செய்தது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் அந்தக் கலைக்காக வாதாடினார். 1931இல் மியூசிக் அகாடமி மேடையில் இசைவேளாளர் குலத்துக் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1935இல் ருக்மிணி தேவி ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் பிறந்தது. பரதநாட்டியம் என்ற பெயரில் கலை காப்பாற்றப்பட்டது. 1947இல், சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. சிறுமிகளை அதிலிருந்து மீட்க முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டத்தின் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? பாலசரஸ்வதி போன்ற ஒருசிலர் தவிர, பெரும்பாலோர் மேடையிலிருந்து விலகினார்கள். பலர் தங்கள் பரம்பரையை வெளியே சொல்லவே கூசினார்கள். கலை கௌரவம் பெற்றது. அதை ஆடிப் பிழைத்தவளுக்கு இருந்த அவமானம் அப்படியே தொடர்ந்தது. அது தொடர்ந்ததால்தான் பிற்காலத்தில் சில்க் ஸ்மிதா போன்றவர்களை இரவுக் காட்சியில் ரசித்துவிட்டுக் காலையில் இகழ முடிந்தது. போல் டான்ஸ் அதே பாதையில் போனால் அதே விளைவுதான் வரும்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். பழமைவாதிகளிடமிருந்து அல்ல, பெண்ணுரிமை பேசுகிறவர்களிடமிருந்தே. ஆண் பார்வைக்காக உருவான ஓர் அசைவு மொழியைப் பெண்கள் காசு கொடுத்துக் கற்று, அதை விடுதலை என்று சொல்வது ஏமாற்று அல்லவா என்பது அவர்கள் கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. வகுப்பை விற்பதற்காகக் கவர்ச்சியையே முன்னிறுத்தும் விளம்பரங்கள் அந்தக் கேள்விக்கு எரிபொருள் ஊற்றுகின்றன. ஆனால் ஓர் அசைவு எங்கே தொடங்கியது என்பது அது இன்று யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதை முடிவு செய்துவிடாது. பெண்கள் மட்டும் இருக்கும் அறையில், பார்வையாளர் எவரும் இல்லாமல், தன் எடையைத் தானே தூக்கக் கற்பவளின் கவனம் முழுவதும் பிடி நழுவுமா என்பதில்தான் இருக்கும். ஒருத்தி கவர்ச்சியாகவும் ஆட விரும்பினால், வயதுவந்த பெண்ணின் அந்த விருப்பமும் அவளுடையதே. கண்டிக்க வேண்டியது கட்டாயம், ஏமாற்று, அனுமதியில்லாத படப்பிடிப்பு ஆகியவற்றை. அவை எந்தப் பயிற்சிக்கூடத்தில் நடந்தாலும் கண்டிக்க வேண்டியவை.

பண்பாட்டு ஆட்சேபத்துக்கும் ஒரு சொல். "நம்முடைய மல்லர் கம்பம் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மல்லர் கம்பம் பரவுவது நல்லது. ஆனால் சிறுவயதிலேயே தொடங்கிப் போட்டிக்குத் தயாராகும் முறை அது. முப்பது வயதில் முதல்முறையாக உடற்பயிற்சிக்கு வரும் ஒருத்திக்கு அதைக் கற்றுத்தரும் இடம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. பண்பாடு என்று நாம் நினைப்பதும் அசையாத பாறை அல்ல. கேரளத்தில் தென்னை ஏறுவது ஆண் வேலை, அதுவும் குறிப்பிட்ட சாதிகளின் வேலை என்றே இருந்தது. பெண் மரம் ஏறுவதை நினைத்துப் பார்க்கவே கூச்சப்பட்ட இடம். ஏறுவதற்கு ஆள் கிடைக்காமல் போனபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தென்னையின் நண்பர்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இயந்திரத்தின் உதவியோடு ஏறப் பயிற்சி கொடுத்தது, காப்பீடு கொடுத்தது. பெண்கள் வந்து சேர்ந்தார்கள், ஏறினார்கள், சம்பாதித்தார்கள். பயிற்சி, கருவி, பாதுகாப்பு, கூலி ஆகியவற்றை ஒரு நிறுவனம் முன்னின்று கொடுத்ததும் வெட்கம் வேலையாக மாறியது. களங்கம் இயற்கை விதியல்ல என்பதற்கு இது நல்ல சான்று. இதில் இன்னொரு பாடமும் உண்டு: அந்தத் திட்டம் பழைய மரமேறிகளை இழிவுபடுத்தித் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளவில்லை.

ஆகவே போல் டான்ஸைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சொல்லித்தருபவருக்கு முறையான பயிற்சி உண்டா? கம்பம் கூரையிலும் தரையிலும் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? கீழே மெத்தை இருக்கிறதா? தோள் வலுவாகும் முன் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்களா? வகுப்பில் எடுக்கும் படத்தை வெளியிட ஒப்புதல் கேட்கிறார்களா? கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? கடைசிக் கேள்வி சின்னதல்ல. இன்று இது பெருநகரத்து வசதிக்காரர்களின் பயிற்சியாகவே இருக்கிறது, அந்த வசதியே அவர்களுக்கு ஓரளவு கவசமாகவும் இருக்கிறது. நட்சத்திர விடுதிக்குக் கிடைத்த அதே விலக்குதான் இது. அந்தக் கவசத்துக்குள் பத்திரமாக இருந்துகொண்டு, கவசம் இல்லாதவளைக் காட்டி "நான் அவள் அல்ல" என்று சொல்வது எளிது. அதனால் கிடைக்கும் மரியாதை கடன் வாங்கிய மரியாதை. அடுத்த ஒழுக்கக் காவலர் வந்து கேட்டதும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கழைக்கூத்துக்காரிக்கும் சர்க்கஸ்காரிக்கும் மதுக்கூடத்து ஆட்டக்காரிக்கும் உரிய மரியாதையைச் சேர்த்துக் கேட்கும்போதுதான், பயிற்சிக்கூடத்தில் கம்பம் பிடிப்பவள் தன் மரியாதைக்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை ஒழியும்.